முட்டி அறுவைக்குப் பிறகு பயிற்சி எங்கே? ராமநாதபுரம் கடற்கரையின் இளம் வீரர்களுக்கு மூன்று வழிகள்

முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து, அதற்கு அறுவை முடிந்த பிள்ளை மதுரையிலிருந்து பாம்பனுக்கோ தொண்டிக்கோ வீடு வந்து சேர்ந்த மறுநாளே குடும்பத்தில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. இனிப் பயிற்சியை எங்கே, யாரிடம் செய்வது? ராமநாதபுரத்திலோ மதுரையிலோ உள்ள ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போய் வருவதா, எழுதிக் கொடுத்ததை வீட்டிலேயே செய்துகொண்டு குறித்த நாள்களில் மட்டும் போய்க் காட்டுவதா, அல்லது நடக்கத் தொடங்கியதும் பள்ளி விளையாட்டு ஆசிரியரின் பொறுப்பில் மைதானத்திலும் கடற்கரையிலும் தேறிக்கொள்வதா? மூன்று வழிகளிலும் பிள்ளைகளை நடத்திப் பார்த்த இயன்முறை மருத்துவன் என்ற முறையில், ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, எதைத் தரத் தவறுகிறது என்பதை இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்கள் கையிலிருக்கும் பணத்தையும் நேரத்தையும் முதல் ஆறு வாரத்திலேயே செலவழித்துத் தீர்த்துவிடுகின்றன. பிள்ளை ஊன்றுகோலை விட்டு நொண்டாமல் நடக்கத் தொடங்கியதும் பயிற்சி நின்றுபோகிறது. ஆனால் அந்த முட்டி மறுபடி கிழிவது வீட்டு வாசலில் நடக்கும்போது இல்லை. ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ, கபடியில் ரைடு போன கால் எதிரணியிடம் பிடிபட்டு உடம்பு மட்டும் திரும்பும் அந்த ஒரு நொடியில்தான். ஆகவே எந்த நிலையம் நல்லது என்று விசாரிப்பதற்கு முன்னால், எந்த மாதத்துக்கு எந்த இடம் பொருந்தும் என்று யோசிக்க வேண்டும் என்பேன்.

அறுவையில் பொருத்தப்படும் புதிய ஜவ்வு பெரும்பாலும் பின்தொடைத் தசையின் நாணிலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாணிலிருந்தோ எடுக்கப்படுகிறது. பொருத்திய அன்றே அது ஜவ்வாகிவிடுவதில்லை. அதற்குள் ரத்த ஓட்டம் புதிதாக அமைந்து, இழைகள் மெல்ல மாறிக்கொண்டிருக்கும் 6 முதல் 12 வாரம் வரையான காலத்தில், அது பொருத்திய நாளில் இருந்ததைவிடப் பலம் குறைந்தே இருக்கிறது. வலி அடங்கி, வீக்கம் வற்றி, பிள்ளைக்குத் துணிச்சல் பிறக்கும் வாரங்களும் அவையே. தோற்றத்துக்கும் உள்நிலைக்கும் உள்ள இந்த இடைவெளியை வீட்டில் ஒருவராவது புரிந்துவைத்திருந்தால், பாதி விபத்துகளைத் தவிர்க்கலாம் என்று நம்புகிறேன்.

நிலையத்துக்குப் போய் வரும் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். முதல் சில வாரங்களில் பயிற்சி பெற்ற கண் பார்க்க வேண்டியவை சில உண்டு. முட்டி முழுவதும் நீள்கிறதா, முன்தொடைத் தசை விழித்துக்கொண்டதா, சில்லு பக்கவாட்டில் அசைகிறதா, வீக்கம் குறைகிறதா என்பவை அவை. இவற்றில் முட்டி நீள்வதே தலையானது. முதல் மாதத்திலேயே நீட்டலை மீட்காத முட்டியைப் பிறகு நீட்டுவது பெரும்பாடு. சிலருக்கு இன்னோர் அறுவை வரை போய்விடுகிறது. முன்தொடைத் தசை சுருங்க மறுக்கும் பிள்ளைக்கு மின்தூண்டல் கருவி உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அதே மேசையில் படுக்கவைத்து, 'லைட்' காட்டி, வலிக்குக் 'கரண்ட்' வைத்து, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் காலை அசைக்கச் சொல்லி அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. அங்கே போகும் குடும்பம் பயணத்துக்கும் கட்டணத்துக்கும் கொடுக்கும் விலைக்குத் தசை ஒன்றும் வளர்வதில்லை.

தூரமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர், மதுரையோ 170 கிலோமீட்டருக்கு மேல். பேருந்து இருக்கையில் முட்டியை மடித்து மணிக்கணக்கில் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கு, அன்று செய்த பயிற்சியின் பலனைவிட வீக்கமே மிஞ்சுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ரயில் மீண்டும் தீவுக்குள் வரத் தொடங்கியது இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நன்மை. எதிர் இருக்கையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு வர முடிகிறது, இடையில் எழுந்து நடக்கவும் முடிகிறது. முதல் இரண்டு மாதங்களில் மதுரைக்குப் போவதென்றால் நேரம் கொஞ்சம் இடித்தாலும் ரயிலையே தேர்ந்தெடுங்கள்.

அடிக்கடி போனால்தான் நன்றாகத் தேறும் என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் பலமாக இல்லை. கனடாவில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் 4 முறை மட்டும் நிலையத்துக்கு வந்து மற்ற நாள்களில் வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களும், 17 முறை வந்து மேற்பார்வையில் செய்தவர்களும் ஒப்பிடப்பட்டனர். வீட்டில் செய்தவர்கள் முட்டியை நீட்டுவதிலும் மடக்குவதிலும் எவ்விதத்திலும் பின்தங்கவில்லை. அவர்கள் போட்டி விளையாட்டு வீரர்கள் அல்லர், பொழுதுபோக்குக்கு விளையாடுபவர்கள் என்பதையும், ஒப்பிட்டது முதல் மூன்று மாதங்களை மட்டுமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதுவே என் வாதத்துக்கும் பொருந்துகிறது. மேற்பார்வை முதல் மூன்று மாதங்களில் குறைந்தாலும் பெரிய இழப்பில்லை. பிற்பகுதியில் அது குறைந்தால் என்னவாகும் என்பதுதான் கவலை.

முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் சேர்த்துத் தைக்கப்பட்டவர்கள், முதல் மூன்று வாரத்தில் முட்டி நீளாதவர்கள், எலும்பு வளர்முனை இன்னும் மூடாத சிறு வயதினர் ஆகியோருக்கு, மேற்பார்வையைக் குறைத்துக்கொள்ளும் இந்தச் சலுகை கிடையாது. மெனிஸ்கஸ் தைத்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் வரை எவ்வளவு எடை ஊன்றலாம், எவ்வளவு மடக்கலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரே எழுதித் தர வேண்டும். சம்மணம் போட்டு உட்காருவதையும் இந்தியக் கழிப்பறையில் குந்துவதையும் அவர் அனுமதிக்கும்வரை தள்ளிப்போட வேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தாலோ, காய்ச்சலோடு காயம் சிவந்து நீர் கசிந்தாலோ, எந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது வீட்டு வழி. தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்த காட்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கைப்பந்து ஆடும் பெண்பிள்ளை பாயில் மல்லாந்து படுத்து, குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முட்டியின் பின்பக்கம் தரையைத் தொடும்வரை தொடையை இறுக்கிக்கொண்டிருந்தாள். அருகில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா முட்டிக்கும் பாய்க்கும் நடுவே தன் விரல்களை நுழைத்துப் பார்த்து, "நேத்து ரெண்டு வெரலு போச்சு சார், இன்னைக்கு ஒண்ணுதான் போகுது" என்றார். எந்தக் கருவியும் இல்லாமல் அந்தத் தாய் எடுத்த அளவு துல்லியமானது. அதை அன்றாடம் எடுத்தார் என்பதுதான் அதைவிடப் பெரியது. நிலையத்தில் வாரம் மூன்று முறை பத்து நிமிடம் செய்வதை இவள் வீட்டில் நாளைக்கு ஐந்து முறை செய்தாள்.

வீட்டு வழியின் பலமே இந்த அன்றாடம்தான். முதல் இரண்டு வாரத்தில் தொடை இறுக்கல், முட்டி மடங்காமல் காலைத் தூக்குதல், குதிகாலைத் தரையோடு இழுத்து மடக்குதல். பிறகு சுவரோரம் சிறிதளவு குந்தி எழுதல், படியேறி இறங்குதல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல், விரல்நுனியில் எழுதல் என்று கூட்டிக்கொண்டே போகலாம். பின்தொடை நாணை எடுத்துப் பொருத்தியவர்கள் அந்தத் தசைக்கு எடை கொடுத்து மடக்குவதை முதல் ஆறு எட்டு வாரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்வேன். மறுநாள் காலையில் முட்டி வீங்கியிருந்தால் முந்தைய நாளின் சுமை அதிகம் என்று பொருள். ஒரு படி கீழே இறங்க வேண்டும். வீங்காமல் இரண்டு மூன்று முறை தாங்கிவிட்டால் ஒரு படி ஏறலாம். இந்த விதி ஒன்று தெரிந்தால் குடும்பமே தினசரி முடிவுகளை எடுத்துவிடும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நம் கடற்கரைக்கு உள்நாட்டைவிடச் சாதகம் உண்டு. தசை வளர, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் நாளொன்றுக்குத் தேவை என்று கொண்டால், 55 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 88 கிராம் வேண்டும். நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைத்துவிடுகிறது. சூடையும் நெத்திலியும் வீட்டில் இருக்கும்போது புரத மாவு டப்பா வாங்கப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை.

ஆனால் வீட்டு வழிக்கு ஒரு கூரை இருக்கிறது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு சொந்த உடல் எடை மட்டும் தசைக்குப் போதாது. எட்டு முதல் பன்னிரண்டு முறைக்கு மேல் செய்ய முடியாத அளவுக்குச் சுமை இருந்தால் முன்தொடைத் தசை நன்றாகப் பருக்கும், பலம் கூடும். 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்து ஒற்றைக் காலால் நாற்காலியிலிருந்து எழுவது நல்ல தொடக்கம். அதை 10 கிலோவாக்கலாம். அதற்கு மேல் வீட்டில் பாதுகாப்பாகச் சுமை ஏற்றுவது கடினம். அந்த நிலையில் ராமநாதபுரத்திலோ பக்கத்து ஊரிலோ உள்ள சாதாரண ஜிம் போதும். காலால் தள்ளும் லெக் பிரஸ், முட்டியை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன், பின்னால் மடக்கும் லெக் கர்ல் ஆகிய மூன்று இயந்திரங்கள் இருந்தால் சரி. லெக் எக்ஸ்டென்ஷன் புதிய ஜவ்வை இழுத்துவிடும் என்று முன்பு அதை முற்றாக விலக்குவார்கள். இப்போது நான்காம் வாரத்திலிருந்தே 90 பாகையிலிருந்து 45 பாகை வரையான குறுகிய வீச்சில் தொடங்கி, மெல்ல விரிக்கும் வழக்கம் பரவலாகிவிட்டது. அந்த வீச்சை மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு ஜிம்முக்குப் போக வேண்டும். பெண்பிள்ளையை ஜிம்முக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளிடம் நான் வலிந்தே பேசுகிறேன். இரு பாலரும் ஆடும் கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஏசிஎல் கிழியும் வாய்ப்பு பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அவளுக்குத்தான் அந்த இயந்திரங்கள் முதலில் தேவை.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருகிறது. முதியோரையும் படுக்கையில் இருப்போரையும் மனத்தில் வைத்து அமைந்த அத்திட்டம், போட்டிக்குத் திரும்ப வேண்டிய வீரருக்கு முழுத் தீர்வாகாது என்றாலும், முதல் மாதத்தில் முட்டியின் நீட்டலைச் சரிபார்க்க உள்ளூரில் ஒரு கண் கிடைத்தால் அதை விடக்கூடாது. கைப்பேசியில் வரும் பயிற்சிக் காணொளிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவற்றுக்கு உங்கள் முட்டியில் எந்த நாண் பொருத்தப்பட்டது என்று தெரியாது.

மூன்றாவது வழியான மைதானத்துக்கு வருகிறேன். இதன் அருமையை என் துறையினர் பலர் குறைத்தே மதிக்கிறார்கள். கூட்டாளிகளோடு இருக்கும் பிள்ளை சோர்வதில்லை. ஒன்பது மாதம் தனியே அரிசிப் பையோடு போராடும் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் மனம் விட்டுவிடுகிறது. விளையாட்டு ஆசிரியருக்குப் பிள்ளையின் ஓட்டம் தெரியும், அவன் பயந்து கால் வைக்கிறானா என்பது அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். வேகம் குறைத்துத் திரும்புவது, குதித்து முட்டி உள்ளே மடியாமல் இறங்குவது, எதிர்பாராத தள்ளலைத் தாங்குவது ஆகியவற்றை எந்த நிலையத்தின் நான்கு சுவருக்குள்ளும் முழுமையாகக் கற்பிக்க முடியாது. காயத்தைத் தடுப்பதற்கென ஃபிஃபா உருவாக்கிய, இருபது நிமிடம் எடுக்கும் 'லெவன் பிளஸ்' தயார்ப் பயிற்சியைக் கால்பந்து அணி மட்டுமல்லாமல் கபடி அணியும் கைப்பந்து அணியும் செய்யலாம்.

இந்த வழியின் ஆபத்து நாள்காட்டி. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தேறிவந்த கபடிப் பையன் ஒருவன், "சார், ஆறு மாசம் ஆயிருச்சு, பொங்கலுக்கு எறங்கவா?" என்று கேட்டான். வீக்கம் இல்லை, ஓடினான், குந்தினான்; காலின் பலத்தை அளந்து பார்க்காமலே நான் தலையசைத்துவிட்டேன். இரண்டாம் ஆட்டத்தில் கணுக்காலைப் பிடித்து இழுத்தபோது அதே முட்டி மறுபடி போயிற்று. அந்தத் தவறு என்னுடையது. பையனுடையதோ அவன் ஆசிரியருடையதோ இல்லை. அதற்குப் பிறகு மாதத்தை மட்டும் பார்த்து யாரையும் களத்தில் இறக்கியதில்லை.

இதற்குப் பின்னால் கிடைத்த ஆய்வுகளும் இதையே அழுத்துகின்றன. அமெரிக்காவின் டெலவேர், நார்வேயின் ஆஸ்லோ ஆய்வுக் குழுவினர் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்பதாம் மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் 51 விழுக்காடு குறைந்தது. களத்துக்குத் திரும்புவதற்கான சோதனைகளில் தேறாமலே திரும்பியவர்களில் 38.2 விழுக்காட்டினர் மீண்டும் காயமுற்றனர். தேறித் திரும்பியவர்களில் 5.6 விழுக்காட்டினரே காயமுற்றனர். சுவீடனில் இளம் வீரர்களிடம் நடத்தி 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பியவர்களுக்குப் புதிய ஜவ்வுக் காயம் ஏறத்தாழ ஏழு மடங்கு வேகத்தில் நேர்ந்தது. முதலமைச்சர் கோப்பை, விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கை என்று பெற்றோரை நெருக்கும் தேதிகள் எனக்கும் தெரியும். ஒரு பருவத்தை இழப்பது அந்த வயதில் எவ்வளவு பெரியது என்பதும் தெரியும். அப்படியிருந்தும் இந்த எண்களுக்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கடலையும் மணலையும் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கடல் மணல்ல ஓடுனா கால் வலுத்துரும்' என்பது இங்கே எல்லோரும் சொல்லும் யோசனை. காயம் முழுக்க ஆறி, பொருக்கு உதிர்ந்து, மருத்துவர் ஒப்பிய பிறகு கடல்நீர் நல்ல துணை. இடுப்பளவு நீரில் கால்கள் தாங்குவது உடல் எடையில் பாதி, மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு என்பதால், தரையில் நொண்டும் பிள்ளை நீரில் ஒழுங்காக நடை பழகலாம். ஆடிக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்போது வடகடல் (பாக் நீரிணை) பக்கம் அமைதியாக இருக்கும். வாடைக் காலத்தில் இது மாறும். இதை மீனவர் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் திருக்கை கிடக்கும் மணலில் பாதத்தை இழுத்து இழுத்தே நடக்க வேண்டும், தவளை போலக் காலை வெட்டி நீந்துவதை மாதக்கணக்கில் தவிர்க்க வேண்டும். அந்த உதை முட்டியை முறுக்கிவிடும்.

உலர்ந்த பொதி மணல் வேறு கதை. அதில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. மூச்சுக்கு அது நல்ல பயிற்சிதான், ஆனால் பாதம் புதைந்து எதிர்பாராத பக்கம் சாயும்போது முட்டிக்கு வரும் முறுக்கைத் தாங்கும் பலம் நான்காம் மாதத்தில் இல்லை. அலை நனைத்த கெட்டி மணல் பரவாயில்லை. அதுவும் கடல் பக்கம் சரிந்திருப்பதால், ஒரே திசையில் ஓடினால் ஒரு காலுக்கே சுமை விழும். போகும்போது எவ்வளவு தூரமோ வரும்போதும் அவ்வளவு தூரம் ஓட வேண்டும். முதல் ஓட்டத்தைப் பள்ளி மைதானத்தின் சமதரையிலேயே தொடங்குங்கள். அதுவும் மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு, முட்டி முழுதாக நீண்டு, வீக்கமில்லாமல், அறுவைக் காலின் பலம் மறு காலில் 70 விழுக்காட்டையாவது எட்டிய பிறகு தொடங்க வேண்டும்.

மூன்று வழிகளையும் தனித்தனியே வைத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், இந்தக் கடற்கரைக் குடும்பத்துக்கு நான் வீட்டு வழியைத்தான் சொல்வேன். ஆனால் நிலையத்துக்கான செலவை முற்றிலும் மிச்சம் பிடிக்கச் சொல்லமாட்டேன். இடம் மாற்றச் சொல்வேன். வாரம் மூன்று முறை வீதம் ஆறு வாரம் போனால் 18 வருகை. அதே 18 வருகையை முதல் ஆறு வாரத்தில் 5, மூன்றாம் மாத முடிவுக்குள் 2, நான்கு ஐந்தாம் மாதங்களில் 3, ஆறாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை 8 என்று பிரித்துக்கொள்ளலாம். இடைப்பட்ட நாள்களில் முதலில் வீடு, நான்காம் மாதத்திலிருந்து ஜிம், ஆறாம் மாதத்திலிருந்து விளையாட்டு ஆசிரியரின் கண் பார்வையில் மைதானம் என்று இடம் மாறும். அந்தக் கடைசி எட்டு வருகைகளில் ஒன்றிரண்டுக்கு ஆசிரியரையும் அழைத்துவரச் சொல்வேன், முடிந்தால் நானே மைதானத்துக்குப் போவேன். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் தந்தை உள்ள வீட்டில், அவசரமில்லாத அறுவையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால், தூக்கிப் பிடிக்க ஆள் தேவைப்படும் முதல் இரண்டு மாதமும் அவர் வீட்டில் இருப்பார். வருமானம் இல்லாத காலம் என்பதால் பணத்தை முன்பே ஒதுக்கியாக வேண்டும்.

களத்துக்குத் திரும்பும் முடிவுக்கு வேண்டிய கருவிகளில் பாதி எல்லா ஊரிலும் இருக்கிறது. ஓர் இஞ்சு டேப்பும் சாக்பீஸும் பள்ளித் தாழ்வாரமும் போதும். ஒற்றைக் காலில் நின்று அதே காலில் தாவி இறங்கி அசையாமல் நிற்க வேண்டும்; மூன்று முறை செய்து சிறந்ததை எழுத வேண்டும். அறுவைக் காலின் தூரம் மறு காலின் 90 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இதில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாததால் நல்ல காலும் மெலிந்துவிடும், அதனோடு ஒப்பிட்டு வரும் விழுக்காடு உண்மையைவிட அழகாகத் தெரியும். ஆகவே முடிந்தால் நல்ல காலின் அளவை அறுவைக்கு முன்பே எடுத்து வையுங்கள். தாவும் தூரம் சமமாக இருந்தாலும் இடுப்பின் உதவியால் முட்டியின் குறையை மறைத்துக்கொள்ள முடியும் என்பதால், முன்தொடைத் தசையின் பலத்தை ஜிம்மில் ஒற்றைக் கால் லெக் எக்ஸ்டென்ஷனில் தனியே ஒப்பிட வேண்டும்.

தங்கச்சிமடத்துக் கைப்பந்துப் பிள்ளை இப்போது எட்டாம் மாதத்தில் இருக்கிறாள். போன வாரம் பள்ளித் தாழ்வாரத்தில் அளந்தபோது நல்ல கால் 151 சென்டிமீட்டர், அறுவைக் கால் 128. வேண்டியது 136. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. அவள் ஆசிரியர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறொரு பிள்ளையை இறக்குவதாகச் சொன்னார். அவள் சாக்பீஸ் கோட்டைக் காலால் அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, நோட்டில் 128 என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் மூன்று வாரம் கழித்த ஒரு தேதியைக் குறித்துக்கொண்டாள்.